சந்தைக்குப் பின்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவர் அதன் உடைமையாளர் ஆகிவிடுகிறார் என்பது நாம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டுள்ள கருத்தாகும். எமது பாட்டன்மார் காலத்தில் இக்கருத்துக்கும் நடைமுறைக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்ததில்லை. தையல் இயந்திரத்தை வாங்கியவர் அதன் சக்கரத்துக்கு எண்ணெய் இட்டார். சைக்கிளை வாங்கியவர் அதன் சங்கிலியைத் தாமே கழற்றி மாட்டினார். வானொலிப் பெட்டியின் பின்மூடியைத் திறந்து தூசி தட்டி, தளர்ந்த கம்பியை ஒட்டவைத்தோரும் உளர். பழுதுபார்க்கத் தெரியாதவர்கூடத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுசென்று ஒப்படைக்கும் உரிமையைத் தம் கையில் வைத்திருந்தார்.

இன்று எம் கைகளைவிட்டு அகலாத கைத்தொலைபேசி இவ்வகையில் சேராது. அதன் கண்ணாடியும் உலோகமும் எமக்கு விற்கப்படுகின்றன. அதனுள் இயங்கும் செய்நிரல்களோ விற்கப்படுவதில்லை. அவற்றைப் பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமே தரப்படுகின்றது. எவ்வளவு காலம் அவை புதுப்பிக்கப்படும், எப்போது கைவிடப்படும் என்பவற்றைத் தீர்மானிப்போர் வேறெங்கோ இருக்கின்றனர். லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் கையில் உறுதி இல்லாத மக்களைக் கொண்ட மலையகத்திலே பிறந்தவர்களுக்கு இந்த உறவுமுறை புதிதன்று. குடியிருக்கலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், ஆனால் சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைக்க அனுமதி கேட்க வேண்டும். கைத்தொலைபேசியோடு எமக்குள்ள உறவு ஏறத்தாழ இத்தகையதே.

நான் கணினி விஞ்ஞானம் பயில்பவள் அல்லள், கலைப்பீடத்து மாணவி. எனினும், கடந்த ஓராண்டுக்கு மேலாக, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் பழைய கைத்தொலைபேசி ஒன்றைத் திறந்து, அதிலிருந்த செய்நிரல்களை நீக்கி, எவரும் படிக்கவும் திருத்தவும் இயலுமாறு மூலநிரல் திறந்துவிடப்பட்ட லினக்ஸ் பணிசெயல் முறைமையை அதில் நிறுவி இயக்கிவருகிறேன். இப்பொழுதுபோக்கு எனக்குக் கற்பித்தவை தொழில்நுட்பத்தின் எல்லைக்குள் அடங்குவனவாக இல்லை. ஆதலால் அவற்றை இம்மலரில் எழுதத் துணிகிறேன்.

நான் வாழும் மஹய்யாவ, கண்டி நகரின் வடபுறத்தே கட்டுகஸ்தோட்டை வீதியை ஒட்டி அமைந்தது. மாத்தளைக்குச் செல்லும் புகையிரதம் நுழைந்து வெளிப்படும் சுரங்கத்தாலும், நகரத்தின் பெரிய மயானத்தாலும் அதன் பெயரைப் பலர் அறிவர். நகரசுத்தித் தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழும் குடியிருப்பு என்ற வகையிலும் அறிவர். ஆனால் அதனைக் குரலைத் தாழ்த்தியே சொல்வர். நகரம் எதை வேண்டாமென்று எறிகிறது என்பதை எம்மவர் முதலில் காண்கின்றனர். கொஹாகொட குப்பை மேட்டுக்கு வண்டி போய்ச் சேருமுன்னரே, எது இன்னும் உயிரோடிருக்கிறது, எது செத்துவிட்டது என்று பிரித்தறியும் கண் அவர்களுக்கு உண்டு. அந்தக் கண்ணை எந்தப் பாடசாலையும் அறிவென்று கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

என்னிடமுள்ள கைத்தொலைபேசி அவ்வழியாக வந்ததே. அயல்வீட்டு மாமா ஒருவர் அதனைத் துணியால் துடைத்து என்னிடம் தந்தார். "கண்ணாடி ஒடையல பாப்பா. உசுரு இருக்கான்னு பாரு" என்றார். 2015 ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்த வகை அது. குவல்கொம் நிறுவனத்தின் ஸ்நப்டிராகன் 410 என்னும் சில்லும், இரண்டு கிகாபைற் நினைவகமும் கொண்டது. மின்கலம் சற்று வீங்கியிருந்தது. வீங்கிய லிதியம் மின்கலம் தீப்பற்றக்கூடியதாகையால் அதனை முதலில் அகற்றி, நகரிலுள்ள கடையொன்றில் அதே வடிவிலான வேறொன்றை வாங்கிப் பொருத்தினேன். திரை ஒளிர்ந்தது. தொடுதலுக்கு இசைந்தது. உறுப்புகள் யாவும் நலமாக இருந்தன. ஆயினும் எந்தச் செயலியை நிறுவ முயன்றாலும், இக்கருவியின் முறைமை மிகப் பழையது என்ற மறுமொழியே வந்தது. இது தேய்ந்து கெட்ட பொருளன்று, கைவிடப்பட்ட பொருள்.

இவ்வாறு கைவிடப்படுவதன் காரணத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். உலகிலுள்ள அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் அனைத்தின் அடித்தளத்திலும் லினக்ஸ் கருனியே இருக்கிறது. 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தமது இருபத்தோராவது வயதில் எழுதத் தொடங்கியது அது. அதற்கு எட்டாண்டுகள் முன்பு, 1983 இல், ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் உரிமமே பின்னர் அதற்கும் உரிமமாயிற்று. இயக்கவும், ஆராயவும், பிறருக்குப் பகிரவும், திருத்தி வெளியிடவும் உரிமை உண்டு. பெற்றவர் பிறருக்கும் அவ்வுரிமையை மறுக்கலாகாது என்பது அதன் சாரம். அவ்வாறாயின், அடித்தளம் திறந்திருக்கும் வீடு எவ்வாறு பூட்டப்படுகிறது? சில்லைத் தயாரிப்போர் ஒரு குறிப்பிட்ட காலத்துக் கருனியை எடுத்துத் தமது சில்லுக்கென மாற்றி அமைக்கின்றனர். அம்மாற்றங்கள் பொதுக் கருனியில் சேர்க்கப்படாமல் தனியே நின்றுவிடுகின்றன. சில ஆண்டுகளில் அவர்களது கவனம் புதிய சில்லுக்குச் செல்கிறது. கைத்தொலைபேசி செய்வோரும் புதிய மாதிரிக்குச் செல்கின்றனர். பழைய கருனி பொதுவழியிலிருந்து துண்டிக்கப்பட்டு அப்படியே உறைந்துபோகிறது. அத்தோடு, மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழித்தெழும் சிறு செய்நிரல், தயாரித்தவரின் ஒப்பம் பெற்ற முறைமையை மட்டுமே உள்ளே விடுகிறது. வெளியே பூட்டு, உள்ளே உறைவு என்னும் இவ்விரண்டும் சேர்ந்தே நலமுள்ள ஒரு கருவியைக் குப்பையாக்குகின்றன.

இதன் விளைவு சிறியதன்று. 2024 இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்கழிவு உண்டாயிற்று. அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதமே. மேலும், ஒரு கைத்தொலைபேசி காரணமாக வெளியேறும் காபனில் பெரும்பகுதி அதனைப் பயன்படுத்தும்போது அன்றி, அதனைத் தயாரிக்கும்போதே வெளியேறுகிறது. ஆகவே ஒரு கருவியின் ஆயுளை நீட்டுவதே அதன் தீங்கைக் குறைக்கும் நேர்வழியாகும்.

இவ்வழியை நாடியோர் பலர். 2017 மே மாதத்தில் ஒலிவர் ஸ்மித் என்பவர் அறிவித்த போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்னும் திட்டம் கைத்தொலைபேசிகளுக்குப் பத்தாண்டு ஆயுள் கொடுப்பதைத் தன் குறிக்கோளாகக் கூறியது. சந்தைக்குப் பின் என்பதே அப்பெயரின் பொருள். சந்தை தன் கணக்கை முடித்துக்கொண்ட பின்னரும் பொருளுக்கு ஒரு வாழ்வு உண்டு என்னும் எண்ணம் அதில் அடங்கியுள்ளது. அல்பைன் என்னும் மிகச் சிறிய லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு பழைய சில்லையும் பொதுக் கருனியோடு மீண்டும் இணைக்கும் பணியைத் தொண்டர்கள் செய்துவருகின்றனர். ஸ்நப்டிராகன் 410 அவ்வாறு இணைக்கப்பட்ட சில்லுகளில் ஒன்று. இது என் நற்பேறு.

செய்முறையைச் சுருக்கமாகக் கூறுவேன். முதலில், கருவியின் தொடக்கச் செய்நிரலின் பூட்டைத் திறக்கவேண்டும். அடுத்து, அச்செய்நிரலுக்குப் பின் இரண்டாவதாக விழித்தெழுமாறு எழுதப்பட்ட எல்கே2என்டி என்னும் சிறு செய்நிரலை வைக்கவேண்டும். முதலாமவர் வாயிற்காவலராயின், இவர் வாயிலுக்குள் நின்று விருந்தினரை வரவேற்பவர். பின்னர் மடிக்கணினியில் முறைமையைத் தொகுத்து, யூஎஸ்பி வடம் வழியாகக் கருவியின் நினைவகத்தில் எழுதவேண்டும். தரவிறக்கத்துக்கு இரவு நேரத் தரவுப் பொதியை நம்பியிருந்தமையால் இவ்வேலை எனக்குப் பல இரவுகள் நீடித்தது. ஒரு நள்ளிரவில் கறுப்புத் திரையிலே வெள்ளை எழுத்து வரிகள் ஓடத் தொடங்கின. கருனி விழித்தெழுந்து, தன் உடலில் உள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி அழைத்து, வந்தது வராதது எனக் குறித்துக்கொண்டு செல்லும் வரிகள் அவை. விற்பனைக்கு வரும் கைத்தொலைபேசிகளில் இவ்வரிகள் நிறுவனத்தின் சின்னத்துக்குப் பின்னே மறைக்கப்படுகின்றன.

அவ்வரிகளைத் தொடர்ந்து சென்றபோது, கருவியின் அமைப்பை விவரிக்கும் ஒரு கோப்பைக் கண்டேன். எந்த உறுப்பு எந்த முகவரியில் உள்ளது, எதற்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும், எது எதனைச் சார்ந்தது என்பன கிளைகிளையாக அதில் எழுதப்பட்டுள்ளன. எழுத்தைப் பிறப்பு, வடிவு, மாத்திரை எனப் பகுத்து வகுத்துச் செல்லும் இலக்கணநூல் படித்துப் பழகியவளுக்கு அக்கோப்பு அந்நியமாகத் தோன்றவில்லை. பொறியியலாளரின் அறிவு எனக்கில்லை. எனினும், பிறர் படிக்கவேண்டும் என்று எண்ணி எழுதப்பட்ட ஒன்றைப் பொறுமையோடு படித்தால் ஒரு பகுதியாவது விளங்கும் என்ற நம்பிக்கையை அது தந்தது.

எனது சொந்தப் பங்களிப்பு ஒரு விசைப்பலகையே. நான் நிறுவிய முறைமையில் திரையில் தோன்றும் விசைப்பலகை, எனக்கு வேண்டிய தமிழ் ஒழுங்கில் இருக்கவில்லை. மூடிய கருவியாயின் அத்துடன் முயற்சி முடிந்திருக்கும். இங்கோ விசைப்பலகையின் அமைப்பு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. முதல் வரிசையில் என்னென்ன, இரண்டாம் வரிசையில் என்னென்ன என்று எழுதியிருக்கும். இலங்கையில் நியமமாக்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகையில் பழகிய கைக்குச் சிறிய திரையில் எது எட்டும், எது எட்டாது என்று பார்த்துப் பார்த்து வரிசைகளை மாற்றினேன். அப்போதுதான் எமது எழுத்தைப்பற்றி இதுவரை எண்ணாத ஒன்றை எண்ண நேர்ந்தது. 'கொ' என எழுதுகையில் கொம்பு ககரத்தின் முன்னும் அரவு அதன் பின்னுமாக நிற்கின்றன. யுனிகோட் குறிமுறையிலோ அவ்விரண்டும் சேர்ந்த ஒகரக் குறி, மெய்யைத் தொடர்ந்து பின்னரே வருகிறது. கண் காணும் ஒழுங்கும் காது கேட்கும் ஒழுங்கும் வேறுவேறு. குறிமுறை காதின் ஒழுங்கைக் கொண்டுள்ளது. கண்ணின் ஒழுங்கை எழுத்துருவும் அதனை இயக்கும் செய்நிரலும் பின்னர் அமைத்துக் கொடுக்கின்றன. தமிழ் மாணவர் ஒருவர் இதனை அறிய மொழியியல் வகுப்பு வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு விசைப்பலகையைத் திறந்து பார்த்தால் போதுமானது.

இம்முயற்சிகள் மேலைநாட்டாருக்கு மட்டும் உரியவை என்று எண்ணுதல் தவறு. 2001 இல் பெங்களூரில் இந்திய விஞ்ஞான நிறுவனப் பேராசிரியர் சிலரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியை உருவாக்கினர். அது லினக்ஸில் இயங்கியது. அதன் வன்பொருள் வரைபடமே பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதோருக்கும் பயன்படுமாறு இந்திய மொழிகளில் வாசித்துச் சொல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஒரு கருவியை ஊரார் பலர் பகிர்ந்துகொள்ளவும், அவரவர் தரவு அவரவரிடம் சிறு அட்டையில் இருக்கவும் அதனை வடிவமைத்திருந்தனர். 2004 இல் அமிதா என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோதும் அது சில ஆயிரங்களுக்கு மேல் பரவவில்லை. ஆயினும் ஒரு கருவி, ஓர் ஊர் என்ற அந்தச் சிந்தனை இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 2007 ஜூலையில், அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்து இரண்டு வாரங்கள்கூட ஆகாத வேளையில், நியோ 1973 என்னும் திறந்த லினக்ஸ் கைத்தொலைபேசி ஆர்வலர்களிடம் வந்து சேர்ந்தது. 2020 தொடக்கத்தில் வெளிவந்த பைன்போன் 149 டொலருக்கு விற்கப்பட்டது. அதன் பின்மூடியைக் கையால் கழற்றினால் ஒலிவாங்கி, ஒளிப்படக்கருவி, தொலைத்தொடர்புப் பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே துண்டிக்கும் சிறு ஆளிகளைக் காணலாம். கருவி கேட்கிறதா, பார்க்கிறதா என்பதை உடையவரே விரல்நுனியால் தீர்மானிக்கும் ஏற்பாடு அது.

எமது நாட்டிலும் முன்மாதிரி உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் ஒழுங்குபடுத்தவும் இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் சகானா என்னும் திறந்த மென்பொருளை எழுதினர். அது பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கே வழங்கியது. இலங்கையைச் சேர்ந்த மயூரநாதன் 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவில் தனியொருவராகத் தொடங்கி ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியதும், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் படிக்குமாறு மின்வடிவில் சேர்த்துவருவதும் இதே மனப்பாங்கின் வெளிப்பாடுகளே.

இனி, மறுபக்கத்தையும் கூறவேண்டும். என் கருவியின் ஒளிப்படக்கருவி இயங்கவில்லை. குறுஞ்செய்தி முதலிலேயே வந்தது. குரல் அழைப்புச் சீராகச் சில மாதங்கள் சென்றன. வங்கிச் செயலிகளை அதில் நிறுவ இயலாது. விரிவுரை நேரமாற்றம் முதல் பரீட்சை அறிவித்தல் வரை யாவும் வட்ஸ்அப் குழுக்களில் வருகின்ற இன்றைய பல்கலைக்கழக வாழ்வில், லினக்ஸ் கைத்தொலைபேசியை மட்டும் கையில் வைத்திருப்பவர் பாதிச் செய்தியை இழப்பார். எனவே என் சட்டைப்பையில் இருப்பது இன்றும் வேறொரு கைத்தொலைபேசியே. இதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. மூலநிரல் திறந்திருக்கிறது, ஆனால் அதனை விளக்கும் ஏடுகள் யாவும் ஆங்கிலத்தில் உள்ளன. ஓய்வும், மடிக்கணினியும், ஆங்கிலமும், தரவுக்குப் பணமும் உடையோருக்கே அக்கதவு உண்மையில் திறந்திருக்கிறது. உரிமை ஏட்டில் இருப்பதனால் மாத்திரம் மக்களைச் சென்றடைந்துவிடாது என்பதை மலையகத்தின் வரலாறு எமக்குப் போதிய அளவு கற்பித்துள்ளது. 'சுதந்திர மென்பொருள்' என்ற சொற்றொடரைக் கேட்டு மயங்குவோர் இதனை மனங்கொள்ளல் நன்று.

ஆயினும், முழுமையற்ற கருவியும் பயனற்றதாகிவிடாது. அக்கைத்தொலைபேசியில் சிம் அட்டை இப்போது இல்லை. இணைய இணைப்பின்றியே படிக்கத்தக்க வகையில் தமிழ் விக்கிப்பீடியாவையும் தமிழ் அகராதியான விக்சனரியையும் கிவிக்ஸ் என்னும் செய்நிரல் மூலம் அதில் ஏற்றியுள்ளேன். நூலகத்திலிருந்து பெற்ற சிறுவர் நூல்களும் உள்ளன. எங்கள் வரிசையிலுள்ள பிள்ளைகள் மாலைவேளைகளில் அதனை முறைவைத்து வாங்கிச் செல்கின்றனர். விளம்பரம் இல்லை, தரவுக்கட்டணம் இல்லை, யார் எதைப் படித்தார் என்று எங்கும் குறிக்கப்படுவதும் இல்லை. ஒன்பதாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்த விசைப்பலகைக் கோப்பைத் திறந்து, தனக்கு வசதியாக ழகரத்தை வேறிடத்துக்கு மாற்றி வைத்துவிட்டாள். ஏன் மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை. மாற்றலாம் என்று எவரும் சொல்லாமலே அவள் அறிந்துகொண்டதே எனக்குப் பெரிதாகப்பட்டது.

மாமா அதன்பின் மேலும் நான்கு கைத்தொலைபேசிகளைக் கொண்டுவந்து தந்தார். அவற்றுள் இரண்டு இயங்குகின்றன. ஏனைய இரண்டின் உறுப்புகளும் நலமாகவே உள்ளன. ஆனால் அவற்றின் பூட்டைத் திறப்பதற்குத் தயாரித்தவர்கள் எவ்வழியும் வைக்கவில்லை. திறமையும் உழைப்பும் இருந்தும் இந்த இடத்தில் நின்றுவிட நேர்கிறது. இதனை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு தீர்க்க இயலாது. விற்ற பொருளின் பூட்டை, ஆதரவை நிறுத்தும் நாளிலாவது திறந்துவிட வேண்டும் என்று சட்டம் கூறவேண்டும். பழுதுபார்க்கும் உரிமை குறித்துப் பிறநாடுகளில் நிகழும் விவாதத்தை எமது சட்டம் பயிலும் மாணவரும் பொருளியல் பயிலும் மாணவரும் தமிழில் எழுத முன்வருதல் வேண்டும்.

தமிழ்ச் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நாடகம், கவியரங்கு, விவாத அரங்கு ஆகியவற்றோடு, ஆண்டுக்கு ஒரு கையேட்டையாவது தமிழாக்கி வெளியிடும் பணியை மேற்கொள்ளலாம். பழைய கைத்தொலைபேசி ஒன்றை உயிர்ப்பிக்கும் முறை பற்றி நான் எழுதத் தொடங்கிய இருபது பக்கக் குறிப்பு என்னிடம் உள்ளது. கலைச்சொற்களில் ஐயப்பாடுகள் பல. விரிவுரையாளர்களும் பொறியியற்பீட நண்பர்களும் அதனைத் திருத்தித் தருவராயின், அடுத்த தவணை விடுமுறைக்கு முன் அது எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளின் கைக்கு எட்டும். வீடுகளில் இழுப்பறைக்குள் கிடக்கும் பழைய கைத்தொலைபேசிகளைக் குப்பையில் இடுமுன் ஒருமுறை எங்களிடம் தந்து பார்க்கலாம். உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோர் மஹய்யாவவில் உண்டு.